நீலம் குறைந்த விளக்கு

ஆய்வு மாணவனாக இருந்த மூன்றாம் ஆண்டில் ஒரு மாலை, நான் வளர்த்த இரட்டைச் சந்தி சூரிய மின்கலம் ஒன்று (வெவ்வேறு நிற ஒளியை மின்சாரமாக்கும் இரண்டு குறைகடத்தி அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தது), எங்கள் ஆய்வகத்தில் அதுவரை எவருக்கும் கிட்டாத மின்னோட்டத்தைத் திரையில் காட்டியது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய துண்டு அது. கருநீல மேற்பரப்பில் சீப்புப் பற்களைப் போலப் பொன் கம்பிகள் ஓடியிருக்கும். உலையில் ஒரு பகல், அதன்பின் ஒளியச்சு, உலோகப் பூச்சு, அமிலக் கழுவல் என இரண்டு வாரங்கள் அதனோடு கழிந்திருந்ததால், எண்ணைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆய்வகத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவரும், நாங்கள் அக்கா என்றே அழைத்துப் பழகியவருமான ஆய்வாளரை அழைத்து வந்து காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை. மின்னழுத்தத்தோடு மின்னோட்டம் மாறுவதைக் காட்டும் வளைவின் முழங்காலைப் பார்த்தார்.

“கரண்ட் ஏறியிருக்கு, சரி. ஃபில் ஃபேக்டர் ஏன் இறங்கியிருக்கு?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. “லாம்ப் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு போய்ப் பாரு தம்பி. அப்புறம் சந்தோஷப்படலாம்.”

ஆய்வகத்தில் எங்களுக்கு வெயிலாக இருந்த செனான் விளக்கு ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஒரு கேள்வியிலிருந்து நான் கற்றதை இங்கே எழுதிவைக்கிறேன். பல்சந்தி மின்கலங்களின் திறன் எவ்வாறு உயர்ந்துவந்தது என்று யாராவது கேட்டால், அடுக்குகளின் எண்ணிக்கையைச் சொல்லித் தொடங்குவதுதான் வழக்கம். என் அனுபவத்தில் அந்தக் கதையை வரிசையில் மிக மெலிந்து நிற்கும் அடுக்கிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

ஒரே ஒரு சந்தியைக் கொண்ட மின்கலம் ஏன் போதவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு குறைகடத்திக்கும் ஓர் ஆற்றல் இடைவெளி உண்டு; அதன் எலக்ட்ரானை விடுவிக்க ஒளி கொண்டுவர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல் அது. சிலிக்கானுக்கு அது 1.12 எலக்ட்ரான் வோல்ட். அதைவிடக் குறைந்த ஆற்றலுடைய அகச்சிவப்பு ஒளி, கண்ணாடியில் நுழைவதைப் போலக் கலத்தை ஊடுருவிப் போய்விடுகிறது. அதைவிட மிகுந்த ஆற்றலுடைய நீல ஒளியோ, சுமார் 2.7 எலக்ட்ரான் வோல்ட்டைக் கொண்டுவந்தாலும், 1.12 போக எஞ்சியதை வெப்பமாகக் கொட்டிவிடுகிறது. வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் வழியிலும், மூன்றில் ஒரு பங்கு இரண்டாம் வழியிலும் சிலிக்கானுக்குக் கைநழுவுகிறது. வில்லியம் ஷாக்லியும் ஹான்ஸ் குவைசரும் 1961இல் இந்த இழப்புகளைக் கணக்கிட்டு, ஒற்றைச் சந்திக் கலத்துக்கு உச்சவரம்பு சுமார் 30 சதவீதம் என்றார்கள். இன்று பயன்படும் தரநிலை வெயிலுக்கு அது 33.7 சதவீதம் என்று திருத்தமாகச் சொல்லப்படுகிறது. எவ்வளவு தூய்மையான படிகமாக இருந்தாலும் அந்த வரம்பை ஒற்றைச் சந்தியால் தாண்ட இயலாது. எண்ணற்ற சந்திகளை அடுக்க முடிந்தால், குவிக்கப்படாத வெயிலில் 68 சதவீதத்துக்கும் மேல், முழுமையாகக் குவித்த வெயிலில் சுமார் 86 சதவீதம் என்கிறது கோட்பாடு. ஒளியின் ஒவ்வொரு நிறத்தையும் அதற்கேற்ற இடைவெளியுள்ள பொருளிடம் ஒப்படைத்தால், இரண்டு இழப்புகளும் ஒருங்கே குறைகின்றன என்பதே இதன் அடிப்படை.

ஒப்படைப்பது எளிது, ஒருங்கே வேலை வாங்குவதுதான் கடினம். அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வளர்க்கப்பட்டுத் தொடராக இணைந்திருப்பதால், அவற்றின் மின்னழுத்தங்கள் கூடுகின்றன. மின்னோட்டம் மட்டும் எல்லா அடுக்குகளிலும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். வீட்டுக்குத் தளம் போடும் நாளில், கீழிருந்து மேல்வரை ஆட்கள் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் ஒருவர் நிமிடத்துக்குப் பத்துச் சட்டிதான் வாங்கிக் கொடுப்பார் என்றால், மற்றவர்கள் இருபது கொடுக்க வல்லவர்களாக இருந்தும் மேலே போய்ச் சேர்வது பத்துதான். மற்றவர்களின் மிச்ச வலு வியர்வையாகப் போகும். மின்கலத்திலும் அப்படியே. மிகக் குறைந்த மின்னோட்டத்தைத் தரும் அடுக்கே முழுக் கலத்தின் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது, மற்ற அடுக்குகளின் உபரி வெப்பமாகிறது.

என் கலத்தில் நேர்ந்ததும் இதன் ஒரு கூறுதான். மேலே காலியம் இண்டியம் பாஸ்பைடு, கீழே காலியம் ஆர்சனைடு. மேலடுக்கை நான் தேவைக்கு மேல் தடிமனாக வளர்த்துவிட்டேன். கீழே போயிருக்க வேண்டிய ஒளியையும் சேர்த்து அது விழுங்கிக்கொண்டது, ஆகவே கீழடுக்கு பட்டினியில் இருந்தது. உண்மையான வெயிலில் அந்தக் கலம் சுமாரான கலமாகவே இருந்திருக்கும். ஆனால் வயதான செனான் விளக்கில் நீலம் வற்றிப்போய்ச் சிவப்பு மேலோங்கியிருந்தது. நானோ விளக்கின் மொத்த வெளிச்சத்தை ஒரு சிலிக்கான் ஒப்பீட்டுக் கலத்தை வைத்துச் சரிசெய்திருந்தேன். நீலத்தின் குறையைச் சிவப்பு நிரப்பிவிட்டதால், சிலிக்கானுக்கு எல்லாம் சரியாகவே பட்டது. நீலம் குறைந்ததால் மேலடுக்கின் மின்னோட்டம் இறங்கியது, சிவப்பு மிகுந்ததால் கீழடுக்கின் மின்னோட்டம் ஏறியது, இரண்டும் சமமாகும் இடத்துக்கு வந்து நின்றன. என் கலத்தின் குறையும் விளக்கின் குறையும் ஒன்றையொன்று ஈடுகட்டி, ஓர் அழகான பொய்யைத் திரையில் எழுதின.

அக்கா கண்டுபிடித்தது, ஃபில் ஃபேக்டர் என்று அவர் சொன்ன நிரப்புக் காரணியை வைத்து. மின்னோட்டமும் மின்னழுத்தமும் தத்தம் உச்சத்தில் ஒருசேரக் கிடைத்திருந்தால் வரக்கூடிய திறனில் எத்தனை பங்கு உண்மையில் கிடைக்கிறது என்பதைக் கூறும் அளவு அது. தொடரிணைப்பில் ஓர் அடுக்கு மிகவும் பின்தங்கியிருக்கும்போது இந்த அளவு உயர்ந்தும், அடுக்குகள் சமநிலையை நெருங்கும்போது தாழ்ந்தும் காணப்படும். எனவே முந்தைய வாரம் அளந்த அதே வகைக் கலத்தைவிட மின்னோட்டம் ஏறி நிரப்புக் காரணி இறங்கியிருந்தால், கலம் மாறவில்லை, அதன்மேல் விழும் ஒளியின் நிறக்கலவை மாறிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். பாடநூலில் இது ஒரு பத்தி. எனக்கு ஓர் இரவின் தூக்கம்.

மேலடுக்கை மெலியச் செய்து கீழடுக்குக்கு ஒளியைப் பங்கிட்டுக் கொடுக்கும் உத்தி நான் கண்டுபிடித்ததல்ல. பின்னாளில் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் என்று பெயர் மாறிய அமெரிக்க ஆய்வகத்தில் ஜெரி ஓல்சனும் சாரா கர்ட்ஸும் 1980களில் இந்தப் பொருள் இணையை உருவாக்கியபோதே, மேலடுக்கு ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெலிந்திருந்தால் மின்னோட்டங்கள் பொருந்தும் என்று காட்டினார்கள். 1990இல் அவர்களின் கலம் 27.3 சதவீதத்தை எட்டியது. மேலடுக்குக்கு இன்னும் பெரிய இடைவெளியுள்ள பொருளைத் தேடி அலைந்த காலத்தில், இருக்கும் பொருளையே கொஞ்சம் மெலிதாக்கிப் பார்க்கலாமே என்று கேட்டதில் உள்ள துணிச்சல் எனக்கு இன்றும் பிடிக்கும்.

அந்த இணையின் அடியில் ஜெர்மேனியத்தைச் சேர்த்ததும் முச்சந்திக் கலம் பிறந்தது. ஜெர்மேனியத்தின் அணுக்கள் காலியம் ஆர்சனைடின் அணுக்களோடு கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில் அமைந்திருப்பதால் ஒன்றன்மேல் ஒன்றைப் படிகமாகவே வளர்க்கலாம். எஞ்சும் மிகச் சிறு வேறுபாட்டையும் ஒரு சதவீத இண்டியத்தைச் சேர்த்துச் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் வெறும் 0.67 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியுள்ள ஜெர்மேனியம், மேலே உள்ள இருவருக்கும் தேவைப்படாத அளவுக்கு மின்னோட்டத்தைத் தருகிறது, மின்னழுத்தத்தையோ மிகக் குறைவாகவே தருகிறது. வரிசையில் நின்று முப்பது சட்டி கொடுக்கக்கூடியவருக்குப் பதினைந்து சட்டி வேலை கொடுத்ததைப் போன்ற வீண் அது. சுமார் 1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியுள்ள பொருளை அங்கே வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட பொருள்களின் அணு இடைவெளி பொருந்தாது என்பதுதான் சிக்கல். புள்ளிக் கோலத்தில் ஒரு வரிசையில் மட்டும் புள்ளிகளைச் சற்று அகலமாக வைத்துவிட்டால், அடுத்தடுத்த வரிசைகளில் கோடுகள் எங்கோ ஓரிடத்தில் அறுந்தே தீரும். படிகத்தில் அறுந்த இடம் ஒவ்வொன்றும் எலக்ட்ரான்களுக்கு ஒரு பள்ளம்.

இதைத் தாண்டப் பல வழிகளில் முயன்றார்கள். அணு இடைவெளியைப் படிப்படியாக மாற்றும் இடையடுக்குகளை வளர்த்து, அறுபடும் கோடுகளையெல்லாம் அந்த இடையடுக்குக்குள்ளேயே அடக்கிவைப்பது ஒரு வழி. 2006இல் ஸ்பெக்ட்ரோலேப் நிறுவனம் 240 மடங்கு குவித்த வெயிலில் 40.7 சதவீதத்தை எட்டி, முதன்முறையாக 40ஐத் தாண்டியது இப்படித்தான். எனக்கு அதைவிடக் கவர்ச்சியாகத் தோன்றுவது மார்க் வான்லஸ் வகுத்த தலைகீழ் வளர்ப்பு. மின்னழுத்தத்தில் பெரும்பங்கு தரும் மேலடுக்குகளை முதலில் பழுதின்றி வளர்த்துவிட்டு, குறைகளை வரவழைக்கக்கூடிய 1 எலக்ட்ரான் வோல்ட் அடுக்கைக் கடைசியில் வளர்த்து, பிறகு கலத்தை அப்படியே கவிழ்த்து அடித்தகட்டை நீக்கிவிடுவது. சிக்கலானவரை வீட்டுக்குள் கடைசியாக அழைக்கும் தந்திரம் இது. மூன்றாவது வழி, இரண்டு வேறு தகடுகளில் தனித்தனியே வளர்த்த அடுக்குகளை மெருகேற்றி, பசையேதுமின்றி அணுவோடு அணுவாக ஒட்டுவது.

அடுக்குகளுக்கு நடுவே எவர் கண்ணிலும் படாத ஓர் உறுப்பு இருக்கிறது. ஓர் அடுக்கின் அடிப்பகுதியும் அடுத்ததன் மேற்பகுதியும் நேரடியாகத் தொட்டால், அங்கே எதிர்த்திசையில் ஒரு டையோடு உருவாகி மின்னோட்டத்தை மறித்துவிடும். அதைத் தவிர்க்க, மாசூட்டு (மின்கடத்தலைக் கூட்டும் அயல் அணுக்கள்) மிக அதிகமாகச் சேர்த்த, சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள இரண்டு படலங்களை இடையில் வைக்கிறார்கள். எலக்ட்ரான்கள் தடையை ஏறிக் கடக்காமல் அதனூடே சுரங்கம் புகுந்ததைப் போலக் கடக்கின்றன. லியோ எசாகிக்கு 1973இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த அதே விளைவுதான். ஒளியைக் குவிக்கும்போது மின்னோட்டம் நூற்றுக்கணக்கான மடங்கு பெருகும். சுரங்கச் சந்தி அதைத் தாங்காவிட்டால் வளைவில் திடீரென ஒரு பள்ளம் விழும். நான் பார்த்த தோல்விகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்தப் படலத்தில் நிகழ்ந்தவை.

மின்னோட்டத்தைச் சமன்செய்த பிறகு மின்னழுத்தத்தின் முறை வருகிறது. அங்கே நிகழ்ந்த மாற்றம், பொருளைவிடப் பார்வையில் நிகழ்ந்த மாற்றம் என்பேன். கலத்துக்குள் எலக்ட்ரான் மீண்டும் தன் இடத்துக்கு விழும்போது ஒரு ஒளித்துகள் பிறக்கிறது. அது அடித்தகட்டில் உறிஞ்சப்பட்டுத் தொலைந்தால் இழப்பு, முகப்பின் வழியே வெளியேறினால் அது இயற்கை விதிக்கும் குறைந்தபட்சக் கட்டணம் மட்டுமே. ஆகவே நல்ல சூரிய மின்கலம் நல்ல ஒளியுமிழ் டையோடாகவும் இருக்க வேண்டும் என்று எலி யப்லோனோவிச்சும் ஓவன் மில்லரும் வாதிட்டார்கள். அவர்களின் 2012ஆம் ஆண்டுக் கட்டுரையில் சாரா கர்ட்ஸும் இணையாசிரியர். காலியம் ஆர்சனைடு படலத்தை உரித்தெடுத்து, அதன் பின்புறத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல ஒளியைத் திருப்பும் உலோகத்தைப் பூசிய ஆல்டா டிவைசஸ் நிறுவனத்தின் ஒற்றைச் சந்திக் கலம் 28.8 சதவீதத்தை எட்டியது. பல ஆண்டுகளாக அந்தப் பொருள் 26ஐ ஒட்டியே நின்றிருந்தது. வெளிச்சத்தை வாங்குவதற்காகச் செய்த சாதனம் வெளிச்சத்தைத் திருப்பித் தரவும் வல்லதாக இருக்க வேண்டும் என்பதை முதலில் படித்தபோது ஏற்க மனம் வரவில்லை. மின்னழுத்தத்தை ஏற்றி, இருட்டறையில் கலம் மங்கிய சிவப்பாக ஒளிர்ந்ததை நேரில் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டேன்.

இந்தப் பின்னணியோடு உச்ச எண்களைப் பார்த்தால் அவற்றின் பொருள் மாறுகிறது. 2020இல் அதே அமெரிக்க ஆய்வகம் ஆறு சந்திகளைக் கொண்ட, ஏறத்தாழ 140 படலங்கள் அடங்கிய கலத்தைச் செய்து, 143 மடங்கு குவித்த வெயிலில் 47.1 சதவீதம் என்று அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஆற்றல் நிறுவனம் நான்கே சந்திகளைக் கொண்ட கலத்தால் 665 மடங்கு குவிப்பில் 47.6ஐ எட்டியது. அந்த நான்கு சந்திக் கட்டமைப்பு பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கப்பட்டது, 46.1இல் நின்றிருந்த அதை உயர்த்தியது, மேற்பரப்பில் புதிதாகப் பூசிய நான்கு படல எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சும் மேம்படுத்திய தொடுமுனையும்தான். அதே ஆண்டில் மற்றொரு முச்சந்திக் கலம், நடு அடுக்கில் குவாண்டம் கிணறுகள் எனப்படும், இடைவெளி சிறிதான மிக மெல்லிய படலங்களை நூற்றுக்கணக்கில் புகுத்தி, குவிக்கப்படாத வெயிலில் 39.5 சதவீதத்தை எட்டியது. நடு அடுக்கு சற்றே நீண்ட அலைகளையும் உறிஞ்சி, பின்தங்காமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆறாவது சந்தியைச் சேர்ப்பவரைவிடப் பூச்சைத் திருத்துபவர் முன்னேறிய ஆண்டு என்று 2022ஐ நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

வெயிலை ஏன் குவிக்க வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒளி பத்து மடங்கு கூடும்போதெல்லாம் ஒவ்வொரு சந்தியின் மின்னழுத்தமும் சுமார் 60 மில்லிவோல்ட் கூடுகிறது, அது இயற்பியல். 500 மடங்கு குவித்தால், அதே மின்சாரத்துக்குப் பரப்பில் 500இல் ஒரு பங்கு கலம் போதும், அது வணிகம். முதல் பதில் இன்றும் நிற்கிறது, இரண்டாவது உடைந்துவிட்டது. குவிப்பான்களுக்கு நேரடி வெயில் வேண்டும், சூரியனைத் துல்லியமாகப் பின்தொடரும் பொறி வேண்டும். மெல்லிய மேகமும் தூசி மூட்டமும் போதும், உற்பத்தி விழுந்துவிடும். அதற்குள் சாதாரணச் சிலிக்கான் பலகையின் விலை சரிந்த வேகத்தில், சோய்டெக் போன்ற நிறுவனங்கள் 2015ஐ ஒட்டி அந்தத் தொழிலிலிருந்து விலகின. திறன் மிகுந்த கலம் தோற்று, மலிவான கலம் வென்றது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, வியப்பு இல்லை.

விண்வெளியில் கணக்கு வேறு. அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் ராக்கெட் கட்டணம் இருப்பதால் கலத்தின் விலை இரண்டாம்பட்சம். 2004இல் செவ்வாயில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி, 90 செவ்வாய் நாள்களுக்கென்று அனுப்பப்பட்டு, 2018இன் புழுதிப்புயல் வரை முச்சந்திக் கலங்களில் ஓடியது. வெயில் பூமியில் கிடைப்பதில் 25இல் ஒரு பங்கே விழும் வியாழனில், 2016இல் போய்ச் சேர்ந்த ஜூனோ விண்கலம் 18,698 கலங்களைக் கொண்டு சுமார் 500 வாட்டில் வாழத் தொடங்கியது. மங்கிய ஒளியிலும் கடுங்குளிரிலும் சில கலங்கள் உள்ளுக்குள் கசிந்துவிடும் என்பதால், அதற்கேற்றவற்றைச் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் கலங்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கதிர்வீச்சு பல ஆண்டுகளில் நடுவிலுள்ள காலியம் ஆர்சனைடு அடுக்கைத்தான் அதிகம் நலிவடையச் செய்யும். அதனால் ஏவும் நாளில் மேலடுக்கை வேண்டுமென்றே சற்றுப் பின்தங்கியதாக வைத்து, ஆயுளின் இறுதியில் இரண்டும் சமமாகும்படி வடிவமைப்பார்கள். இன்றைய சமநிலையை விட்டுக்கொடுத்துப் பதினைந்தாம் ஆண்டின் சமநிலையை வாங்குவது.

தரையில் இப்போது நம்பிக்கை தருவது சிலிக்கானின்மேல் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளைப் பூசிய இரட்டைச் சந்தி. 2020இல் பெர்லினின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையம் 29.15 சதவீதத்தை எட்டியது; 2025இல் சீனாவின் லோங்கி நிறுவனம் 34.85 சதவீதம் என்று அறிவித்தது. தனியாக இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 40 மில்லிஆம்பியர் தரும் சிலிக்கான், இங்கே பாதியை மேலே விட்டுக்கொடுக்க வேண்டும். மேலடுக்கின் இடைவெளி ஏறத்தாழ 1.68 எலக்ட்ரான் வோல்ட்டாக இருக்கும்படி அதன் புரோமினும் அயோடினும் கலந்த கலவையைத் திருத்துகிறார்கள். பெர்லின் குழுவின் வெற்றிக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, ஒரே ஒரு மூலக்கூறின் தடிமனுள்ள தொடுபடலம். அவர்களும் சரிசெய்தது அடுக்குகளின் விளிம்பைத்தான். ஆனால் ஈரத்தையும் வெப்பத்தையும் இருபத்தைந்து ஆண்டுகள் தாங்கும் என்று உத்தரவாதம் எழுதித்தர வேண்டிய நாள் வரும்வரை, சிலிக்கான் பலகை விற்பவர் எவரும் கடையைக் காலி செய்யப்போவதில்லை.

என் கதைக்கு வருகிறேன். புதிய விளக்கைப் பொருத்தி, இம்முறை சிலிக்கானுக்குப் பதிலாக ஒவ்வோர் அடுக்குக்கும் அதே பொருளில் செய்த தனித்தனி ஒப்பீட்டுக் கலங்களை வைத்து நிறக்கலவையைச் சரிசெய்து, மீண்டும் அளந்தோம். என் சாதனை காணாமல் போனது. அடுத்த இரண்டு மாதங்களில் மேலடுக்கைச் சிறிது சிறிதாக மெலியவைத்து ஆறு முறை வளர்த்தேன். ஆறாவது கலம் தரநிலை வெயிலில் கிட்டத்தட்ட சமநிலையில் நின்றது, எண்ணும் நேர்மையாக உயர்ந்தது.

அதன்பின் ஒருநாள், விளையாட்டாகத்தான், பழைய கலத்தையும் புதிய கலத்தையும் ஒரே பலகையில் பொருத்தி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். உச்சிவேளையில் புதியது தெளிவாக முன்னணியில் இருந்தது. மூன்றரை மணிக்கு வித்தியாசம் குறைந்தது. ஐந்தரை மணிக்கு, தொலைவிலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சூரியன் செம்மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தபோது, நான் தவறென்று ஒதுக்கிவைத்த தடித்த மேலடுக்குக் கலம் புதியதைவிடக் கூடுதலான மின்னோட்டத்தைக் காட்டியது. நீண்ட வளிமண்டலத்தைக் கடந்துவந்த அந்த ஒளியில் நீலம் சிதறிப்போய்விட்டிருந்தது. எங்கள் கிழட்டு செனான் விளக்கின் அதே நிறம். அக்காவை மாடிக்கு அழைத்தேன். அளவுமானியைப் பார்த்துவிட்டு, “இதைக் கழிச்சுப் போட்டிருப்பியே,” என்று சொல்லி, பழைய கலத்தின் டப்பாமேல் தேதியை எழுதி வைத்துக்கொண்டார்.